மருத்துவக் கல்லூரிக்கு முன் ஒரு மாஸ்டர்ஸ்: நான் தேர்ந்தெடுத்த விதம்

அமெரிக்காவில் இளங்கலை முடித்தபோது என் ஜிபிஏ, அதாவது 4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 3.1. இரண்டாம் ஆண்டில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி, பிசிக்ஸில் சி பிளஸ். கடைசி இரண்டு வருடங்களில் தேறிவிட்டேன், ஆனால் மொத்தக் கணக்கில் அது தெரியவில்லை. இங்கே மருத்துவராவதற்கான முதல் பட்டமே எம்டிதான். அந்தக் கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 3.7க்கு மேல். மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 512 வாங்கியிருந்தேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக, என் சிக்கல் மதிப்பெண் பட்டியல் மட்டும்தான். இப்போது எம்டி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நடுவில் படித்த ஒரு வருட மாஸ்டர்ஸை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று தம்பி தங்கைகள் பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் நானும் உட்கார்ந்து போட்டது. 120 கிரெடிட்டில் 3.1. இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் எவ்வளவு ஆகும்? 3.28. அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அதிலும் அந்த 30 கிரெடிட் இளங்கலைப் பாடங்களாக இருந்தால்தான் இந்த ஏற்றமே கிடைக்கும். பட்டம் வாங்கிய பிறகு இப்படி எடுக்கும் இளங்கலைப் பாடங்களுக்குப் போஸ்ட்-பேக் என்று பெயர். எம்டி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் அவற்றை இளங்கலை ஜிபிஏவோடு சேர்க்கும். மாஸ்டர்ஸ் மதிப்பெண்ணைத் தனி வரியில் போடும். மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் பழைய 3.1 அப்படியேதான் நிற்கும். "மாஸ்டர்ஸ் பண்ணா ஜிபிஏ ஏறிடும்" என்று நம்பிப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் ஜிபிஏ 3.0க்குக் கீழே இருந்தால் போஸ்ட்-பேக்கை முதலில் யோசியுங்கள். எம்டியைப் போலவே மருத்துவராக்கும் டிஓ (ஆஸ்டியோபதி) கல்லூரிகளுக்குப் பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் மறைந்துவிடும் என்று சீனியர் அண்ணன்கள் சொல்வது பழைய கதை. அந்த விதி 2017லேயே போய்விட்டது.

அப்புறம் மாஸ்டர்ஸ் எதற்கு? மருத்துவக் கல்லூரிப் பாடத்தை என்னால் படிக்க முடியும் என்று காட்டுவதற்கு. அதற்கென்றே இருப்பவை ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம்கள், சுருக்கமாக எஸ்எம்பி. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1975இல் தொடங்கியது இவற்றில் முன்னோடி. அங்கே முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களையே எடுக்கலாம். ஆய்வுக்கான எம்எஸ்ஸும் பொது சுகாதாரத்துக்கான எம்பிஎச்சும் நல்ல படிப்புகள்தான். ஆனால் அறிவியல் மதிப்பெண்ணில் ஓட்டை இருப்பவருக்கு அவை மருந்தில்லை என்பது என் கருத்து.

அதனால் எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: மருத்துவ மாணவர்கள் எழுதும் அதே தேர்வை நாங்களும் எழுதுவோமா? நான் சேர்ந்த இடத்தில் எழுதினோம். அக்டோபரில் முதல் பிளாக் (பாடப்பகுதி) தேர்வு, உயிர்வேதியியல். இரண்டு நாள் கழித்துத் திரையில் இரண்டு எண்கள் போட்டார்கள். மருத்துவ மாணவர்களின் சராசரி 84, எங்களுடையது 80. நான் வாங்கியது 79. அன்று இரவு அம்மாவின் போனைக்கூட எடுக்கவில்லை.

என் தவறு, லெக்சர் நோட்ஸைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. அதை விட்டேன். சிறுநீரக உடலியங்கியல் வந்தபோது நூலகத்தின் வெள்ளைப் பலகையில் தினமும் காலையில் ஒரு நெஃப்ரானை, அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகை, வரைவேன். குளோமெருலஸில் தொடங்கிச் சேகரிப்புக் குழாய்வரை, எந்த இடத்தில் சோடியம் உள்ளே போகிறது, எங்கே நீர் போகிறது, சிறுநீர் பெருக்கும் மருந்தான ஃபியூரோசமைட் எந்த அயனிக் கடத்தியை அடைக்கிறது, எதையும் பார்க்காமல் எழுத வேண்டும். விட்டுப்போனதைச் சிவப்பில் எழுதுவேன். மூன்றாவது வாரம் சிவப்பு பேனாவுக்கு வேலை குறைந்தது. அந்தத் தேர்வில் 88, மருத்துவ மாணவர்களின் சராசரி 83. இயக்குநர் எனக்குத் தந்த பரிந்துரைக் கடிதத்தில் இந்த ஒப்பீடுதான் முக்கியமான வரி.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே பி வாங்கினால் இளங்கலையில் பி வாங்கியது போல ஆகாது, 'இவருக்கு இந்தப் பாடம் வராது' என்பதற்குச் சாட்சியாகிவிடும். என்னுடன் படித்த ஒருவர் அதே செமஸ்டரில் எம்கேட்டுக்கும் படித்தார், இரண்டும் கெட்டது. எம்கேட்டை முடித்துவிட்டே சேருங்கள். சேர்ந்த கோடையிலேயே விண்ணப்பித்தால் முதல் மதிப்பெண்கள் குளிர்கால விடுமுறையில்தான் வரும். அதற்குள் நேர்காணல் இடங்கள் பெரும்பாலும் போயிருக்கும். நான் படித்து முடித்த பிறகே விண்ணப்பித்தேன், நடுவே ஒரு வருடம் கிளினிக்கில் வேலை பார்த்தேன்.

பணம். "மெடிக்கல் கிடைக்கலேன்னா இந்த டிகிரிய வெச்சு என்னடா பண்ணுவ?" என்று அப்பா கேட்டபோது எனக்கு வலித்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. எஸ்எம்பி பட்டத்துக்கு வெளியே பெரிய மதிப்பில்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, மீதிச் செலவுக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடனும் கிடையாது. மாஸ்டர்ஸுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான். கட்டணமும் வாடகையும் அதைத் தாண்டினால் தனியார் கடன்தான் வழி, வட்டியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தார்) அல்லது எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு இந்த அரசுக் கடனே இல்லை. பல மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக மாநில அரசுக் கல்லூரிகள், கிரீன் கார்டு இல்லாதவர்களை எடுப்பதில்லை. எடுக்கும் கல்லூரிகளை எண்ணிப் பார்த்த பிறகே மாஸ்டர்ஸ் பேச்சை எடுங்கள்.

ஒரு அறிமுகக் கூட்டத்தில் பெரிய சதவீதம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். 'மருத்துவத் துறைப் படிப்புகளில் சேர்ந்தவர்கள்'. கை தூக்கிக் கேட்டேன். பல் மருத்துவம், நர்சிங், பார்மஸி எல்லாம் அதில் அடக்கமாம். எம்டி, டிஓ மட்டும் எத்தனை என்றதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கல்லூரியை அன்றே பட்டியலிலிருந்து நீக்கினேன்.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எம்டிக்குப் போனார்கள், எத்தனை பேர் டிஓவுக்கு, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள். தங்கள் மருத்துவக் கல்லூரியில் நேர்காணல் உறுதி என்றால் அதற்கு எவ்வளவு ஜிபிஏ, எவ்வளவு எம்கேட். போன வருடம் அப்படி எத்தனை பேர் உள்ளே போனார்கள். எனக்கு இரண்டு நாளில் எண்களோடு பதில் அனுப்பிய இடத்தில்தான் நான் சேர்ந்தேன்.