பத்திரிகை அடிப்பதற்கு முன் போட வேண்டிய ஊசி

தையில் நெல் வீடு வந்ததும் மண்டபம் தேடுகிறோம். நிச்சயம் முடிந்த கையோடு பெண்ணுக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பு) ஊசியும் போட்டுவிடுங்கள். வீரியம் குறைத்த உயிர்க்கிருமி ஊசி அது. கர்ப்பமானபின் போட முடியாது, போட்டால் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளவும் வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். குழந்தைக்கோ கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரை போகும்.

2017 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். அப்போதே பள்ளி முடித்திருந்த பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களில் பலர் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள். ஊசி அட்டை கிடைக்காவிட்டால் ரூபெல்லா ஐஜிஜி (எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) மட்டும் பாருங்கள். பல தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் பெரிய ‘டார்ச்’ பரிசோதனைக்குச் செலவழிப்பது வீண்.

சிறுவயதில் சின்னம்மை வராதவர்களுக்கு அதற்கான ஊசியும் தேவை, இரண்டு தவணை. இதையும் எம்எம்ஆரையும் ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போட்டால் இரண்டாவது ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். மஞ்சள் காமாலை பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மாப்பிள்ளைக்கும் சேர்த்து.

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூட இது உதவுகிறது; அந்தக் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்திலேயே மூடிக்கொள்ளும். நாள் தள்ளி டாக்டரைப் பார்ப்பதற்குள் அது முடிந்திருக்கும். 5 மில்லிகிராம் மாத்திரை சர்க்கரை, வலிப்பு மருந்து போன்ற காரணம் உள்ளவர்களுக்கு, டாக்டர் சொன்னால்.

மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் முடிக்கிறீர்களா? பரம்பரையாக வரும் ரத்தசோகை நோயான தலசீமியா இருக்கிறதா என்று பாருங்கள். அசலில் முடித்தாலும் பார்ப்பது நல்லது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே இருந்தால் அடுத்து ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) பாருங்கள். அது 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் தலசீமியா மரபணு இருக்கிறது என்று பொருள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இந்த எண் இறங்கித் தவறான நிம்மதி தரும்; சோகையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் பார்த்தே ஆக வேண்டும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. அதற்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. 11-ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவைச் சோதிக்க வழி இருக்கிறது. நாள் தள்ளிய வாரமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.