மின்சாரம் திரும்பும்போது விளக்கு என்ன செய்ய வேண்டும்?

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு மூன்று மாடி விடுதியில், டாலி என்ற கட்டுப்பாட்டு முறையில் இயங்கும் விளக்குகளைக் கட்டடத் தானியங்கி அமைப்புடன், அதாவது நாங்கள் பிஎம்எஸ் என்று சொல்வதுடன், இணைக்கும் வேலையைச் சென்ற தை மாதம் முடித்துக் கொடுத்தேன். ஒப்படைத்த நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்குக் காவலாளி அண்ணன் அழைத்தார். “தம்பி, கரண்டு போயிட்டு வந்துச்சு. மாடி பூரா பகல் மாதிரி எரியுது. கடப்பக்கம் வெளிச்சமே ஆகாதுன்னு நீங்கதான சொன்னீக?” மடிக்கணினியைத் திறந்து பிஎம்எஸ் திரையைப் பார்த்தேன். மொட்டைமாடி விளக்குகள் அணைந்திருப்பதாகவே அது காட்டியது.

கடல் பக்கத்தைப் பற்றி அவரிடம் நான் அழுத்திச் சொல்லியிருந்ததற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் மணலை விட்டு வெளிவந்ததும், வெளிச்சமான அடிவானத்தைக் கடலென்று கொண்டு அதை நோக்கி ஊர்கின்றன. கரையில் கட்டடம் ஒளிர்ந்தால் அவை சாலைப் பக்கம் திரும்பிவிடும். எனவே, இரவு பத்து மணிக்கு மேல் கடலைப் பார்த்த விளக்குகள் எரியக்கூடாது என்பதை இந்த வேலையின் முதல் நிபந்தனையாகவே எழுதி வைத்திருந்தேன்.

டாலி என்பது இரண்டு கம்பிகளில் ஓடும் ஒரு சிறிய மொழி. ஐஇசி 62386 என்பது அதன் தரநிலை. அந்த இரண்டு கம்பிகளைத் தடம் என்போம். ஒரு தடத்தில் 64 முகவரிகள், 16 குழுக்கள், 16 காட்சிகள் (முன்கூட்டியே பதிந்து வைக்கும் ஒளி அமைப்புகள்) அமைக்கலாம். தடத்தின் மின்னழுத்தம் சுமார் 16 வோல்ட், வேகம் நொடிக்கு 1200 பிட். பிஎம்எஸ் பேசும் பாக்நெட் மொழியையும் இதையும் கேட்வே என்ற இடைக்கருவி மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. ஆனால், ஒளி எந்த அளவில் எரிய வேண்டும் என்ற நினைவு, பிஎம்எஸ்ஸில் மட்டுமன்றி ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் ஊட்டி ஒளியைக் கட்டுப்படுத்தும் டிரைவர் என்ற கருவிக்குள்ளும் இருக்கிறது. அன்று இரவு நான் தவறவிட்டது இதைத்தான்.

மின்சாரம் திரும்பியதும் கட்டளை எதுவும் வராவிட்டால், ‘பவர் ஆன் லெவல்’ என்ற பெயரில் தன்னுள் பதிந்திருக்கும் அளவுக்கு டிரைவர் போய்விடும். தடத்தின் மின்னழுத்தம் மட்டும் இல்லாமல் போனால், ‘சிஸ்டம் ஃபெயிலியர் லெவல்’ என்ற மற்றொரு அளவை எடுத்துக்கொள்ளும். இரண்டுமே ஆலையிலிருந்து 254 என்று, அதாவது முழு வெளிச்சமாக வருகின்றன. இருட்டில் யாரும் தடுக்கி விழக்கூடாது என்று பார்த்தால் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பிஎம்எஸ், பத்து மணிக்கு ‘அணை’ என்று சொன்னதோடு தன் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. மதிப்பு மாறினால்தான் அது மறுபடியும் கட்டளை அனுப்பும். கேட்வேயும் உண்மை நிலையைக் கேட்டறியாமல், கடைசியாகச் சொன்னதையே திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் போய், மொட்டைமாடிக் குழுவுக்கு இரண்டு அளவுகளையும் 0 என்று மாற்றினேன். படிக்கட்டுக்கும் வெளியேறும் வழிக்கும் 254-ஐ அப்படியே விட்டேன். தாழ்வாரத்துக்கு 255 என்று பதிந்தேன். அது அளவைக் குறிக்கும் எண் அல்ல, ‘முன்பு இருந்த நிலையிலேயே இரு’ என்ற பொருளைத் தருவது. இப்படிப்பட்ட அமைப்புக் கட்டளைகளை 100 மில்லி நொடிக்குள் இருமுறை அனுப்பினால்தான் டிரைவர் ஏற்கும். கம்பியில் ஏதோ ஒரு மின் இரைச்சல் புகுந்து விளக்கின் இயல்பையே மாற்றிவிடாமல் இருக்கச் செய்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

மங்கலாக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அனுப்பும் எண்ணுக்கு எவ்வளவு ஒளி என்று சொல்லும் டாலியின் வளைவு கண்ணின் உணர்வை ஒட்டி அமைந்தது. 254-இல் பாதியான 127-ஐ அனுப்பினால் கிடைக்கும் ஒளி சுமார் 3 விழுக்காடுதான். பாதி ஒளி வேண்டுமென்றால் 229-ஐ அனுப்ப வேண்டும். பிஎம்எஸ் அனுப்பும் விழுக்காட்டைக் கேட்வே எந்தக் கணக்கில் மாற்றுகிறது என்று பார்க்காமல் விட்டால், ‘50’ என்று எழுதிய தாழ்வாரம் இருண்டு கிடக்கும்.

எல்லா விளக்குகளையும் தனித்தனிப் பொருளாகப் பிஎம்எஸ்ஸில் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் பலர். நான் அதை ஏற்பதில்லை. இந்த வேகத்தில் 64 டிரைவர்களிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டு முடிக்கவே சில விநாடிகள் ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை போனால் விளக்குகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக எரிவது கண்ணுக்கே தெரியும். குழுவும் காட்சியும் பிஎம்எஸ் கையில் இருக்கட்டும். தனி விளக்கின் பழுதுச் செய்தி மட்டும் நிதானமாக மேலே போனால் போதும்.

இந்தக் கரையில் உப்பையும் கணக்கில் வைக்க வேண்டும். கோடையில் மேற்குச் சுவரின் இணைப்புப் பெட்டி ஒன்றைத் திறந்தபோது, செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. பேனலில் 16 வோல்ட் காட்டிய மீட்டர், கடைசி விளக்கில் 9-க்கும் கீழே காட்டியது. 9.5-க்குக் கீழே தடம் உயிரோடு இருப்பதாக டிரைவர் உறுதியாக எடுத்துக்கொள்ளாது. வெள்ளீயம் பூசிய கம்பியும் நீர் புகாத பெட்டியும் போட்டுச் சரிசெய்தோம். 16 வோல்ட்தானே என்று அந்தக் கம்பியை வெறுங்கையால் தொடக்கூடாது என்று உடன் வந்த பையனிடம் சொன்னேன். டாலி தடம், தொட்டாலும் தீங்கில்லாத தாழ்மின்னழுத்த வகையில் சேராது, மெயின் கம்பிக்குரிய மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும்.

உப்பினால் டிரைவர்களும் மாற்ற வேண்டி வரும். புதிதாக வருவதற்கு முகவரியும் இருக்காது, குழுவும் இருக்காது. உள்ளே மீண்டும் 254 தான் இருக்கும். ஆகவே பேனல் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன். எந்த முகவரி, எந்தக் குழு, மின்சாரம் வந்தால் எந்த அளவு என்று ஒவ்வொரு விளக்குக்கும் அதில் எழுதியிருக்கிறது. கடல் பக்கத்துப் பதினெட்டு விளக்குகளின் வரிகளை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். டிரைவர் மாற்றிய அன்றே மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குக் காவலாளி அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.