ஆம்பை அணைத்தால் ‘டப்’

இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் எங்களுடையது லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், நடு வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா, கைக்குழந்தையோடு. ராத்திரி நான் கிட்டார் வாசித்தால் குழந்தை தூங்கிவிடும். முடித்து ஆம்பை (கிட்டாரின் சத்தத்தைக் கூட்டும் பெட்டியை) அணைக்கும்போது வரும் ‘டப்’பில்தான் வீரிட்டு எழும். அக்கா ஒன்றும் சொன்னதில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஆம்ப் 30 வாட், டிரான்சிஸ்டர் வகை, கைமாறி வாங்கியது. அணைக்கும்போது ஸ்பீக்கர் கோன் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களை (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்களை) மாற்று என்றார்கள் தெரிந்தவர்கள். எதையும் கழற்றுவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நினைத்தேன்.

கிட்டார் வயரைக் கழற்றி, வொலியூமைப் பூச்சியத்தில் வைத்து அணைத்தேன். அதே ‘டப்’. அப்படியென்றால் கிட்டாரோ, வொலியூமுக்கு முன்னால் இருக்கும் பகுதியோ காரணமில்லை. அடுத்து ஆம்பின் சுவிட்சைத் தொடாமல், சுவரிலுள்ள பிளக் சுவிட்சால் அணைத்தேன். மெல்லிய ஒரு ‘துப்’, அவ்வளவுதான்.

அப்புறம் ஆம்பின் சுவிட்சாலேயே, இடையில் ஒரு நிமிடம் விட்டு விட்டு, பத்துத் தடவை அணைத்துக் கொப்பியில் எழுதினேன். ஏழு தடவை பலமாக, இரண்டு தடவை லேசாக, ஒரு தடவை ‘டப்’பே இல்லை. வழியைக் காட்டியது இந்தக் கணக்குதான். சப்ளை மின்னழுத்தம் சரியும்போது வரும் சத்தம் என்றால் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம்முடைய கரண்ட் 50 ஹேர்ட்ஸ், நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகிறது. சுவிட்ச் விலகும் கணம் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் பொறி பறக்காது, தள்ளி இருந்தால் பறக்கும். பட்டரி ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து ஆம்புக்கு அருகே பிடித்தேன். ‘டப்’ வந்த போதெல்லாம் ரேடியோவும் ‘டிக்’ என்றது. பொறிதான் என்று உறுதியானது.

ஸ்பீக்கரைக் கெடுக்கும் அளவுக்கு டிசி (ஒரே திசை மின்சாரம்) கசிகிறதா என்று அதன் முனைகளில் அளந்தேன், 11 மில்லிவோல்ட். பயமில்லை. பிளக்கைக் கழற்றி, பெரிய கெப்பாசிட்டர்களில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கும்வரை அளந்துகொண்டே இருந்து, பிறகுதான் உள்ளே கை வைத்தேன். (வால்வ் ஆம்ப் என்றால் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலேயும் தங்கியிருக்கும். பழகாதவர்கள் திறக்கவே வேண்டாம்.)

சுவிட்சின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே மஞ்சள் பெட்டி மாதிரி ஒரு சின்னக் கெப்பாசிட்டர், மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மேலே 0.01 மைக்ரோஃபாரட், அதாவது 10 நானோ. ஒரு காலைக் கழற்றி அளந்தால் ஒரு நானோகூட இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் ஓடும் கரண்டைச் சட்டென்று வெட்டினால் அது விலகும் முனைகளுக்கிடையே பொறியாகத் தாவப் பார்க்கும். அந்த உதையை வாங்கிக்கொள்வதுதான் இதன் வேலை. மழையும் பனிமூட்டமும் ஓயாத ஊரில் ஈரம் உள்ளே போய் உலோகப் படலத்தை அரித்திருக்கும் என்று நினைக்கிறேன். சுவிட்ச் முனைகளும் கருகியிருந்தன.

அட்டன் கடையில் முதலில் 400 வோல்ட் டிசி என்று போட்ட சாதாரணக் கெப்பாசிட்டரைத்தான் எடுத்துத் தந்தார்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. 230 வோல்ட் லைனில் நேரே நிற்பது எக்ஸ்2 வகையாகத்தான் இருக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் பாயும் அதிக அழுத்தத்தைத் தாங்கவும், பழுதானாலும் தீப்பற்றாமல் இருக்கவும் செய்யப்பட்டது அது. தேடிப் பார்த்து 275 வோல்ட் ஏசி போட்ட எக்ஸ்2 ஒன்றைக் கொடுத்தார்கள். சுவிட்சையும் புதிதாக வாங்கி இரண்டையும் மாற்றினேன்.

இப்போதும் காதை ஸ்பீக்கரில் வைத்தால் அந்த மெல்லிய ‘துப்’ கேட்கும். அது சப்ளை வடிவது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அக்கா கேட்டார்: “ஏன் தம்பி, நேத்து ராத்திரி வாசிக்கலையா?”