முளை இறங்கும் சத்தம்

நேற்று அப்பாவும் நானும் ஒரு கதவுச் சட்டத்தைப் பூட்டினோம். ஒரு கட்டையின் முனையை நாக்குபோல் செதுக்கி, மற்றதில் உளியால் எடுத்த துளைக்குள் இறக்க வேண்டும். குறுக்கே மரமுளை அடிக்க, நாக்கில் போடும் ஓட்டையை மட்டும் 1 அல்லது 2 மில்லிமீட்டர், நாக்கு தொடங்கும் பக்கமாகத் தள்ளிப் போடுவார் அப்பா. முளை இறங்க இறங்க, இரண்டு கட்டையும் நெருங்கி இடைவெளி மூடிக்கொள்ளும். கொட்டாப்புளியின் (மரச் சுத்தியலின்) சத்தம் மாறியதுமே “போதும்” என்பார். எனக்கு இதைவிட அழகான வேலை கிடையாது.

அப்புறம், நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பசையில்லாமல்தான் நிறுத்துவோம். ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. தம்பி ஒருமுறை ஒட்டிவிட்டான். மூன்றே மாதத்தில் நடுவே விரிசல். அந்தப் பலகையை அப்பா இன்னும் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்.