மோசார்ட்டுக்கு வெள்ளைப் பூச்சு வேண்டாம்

பதினெட்டாம் நூற்றாண்டு வியன்னாவின் இசையமைப்பாளர்கள் மோசார்ட், சாலியேரி இருவரின் போட்டியைப் புதுச்சேரியில் தமிழ் நாடகமாகப் போட உட்காரும் குழுவில் முதலில் எழும் கேள்வி, முகத்துக்கு எவ்வளவு வெள்ளைப் பேன்கேக் ஒப்பனை பூசுவது என்பதுதான். கொஞ்சமும் வேண்டாம். நம் கடற்கரை ஈரத்தில் அது இரண்டாம் காட்சிக்குள் கழுத்தில் வழிந்து காலரில் ஒட்டும். அதைவிட முக்கியம், இசை மேதை என்றால் வெள்ளை முகம் என்று நாமே மேடையேறிச் சொன்னதாகிவிடும். லண்டன் நேஷனல் தியேட்டரே 2016இல் லூசியன் எம்சமாட்டி என்ற கறுப்பின நடிகரைச் சாலியேரியாக்கியது.

அன்றைய வியன்னாவும் ஒரே நிறத்தில் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக ஐரோப்பா வந்த அஞ்சலோ சோலிமான் அங்கே கற்றோர் சபைகளில் மதிக்கப்பட்டவர். 1796இல் அவர் இறந்ததும் உடலைப் பாடம் செய்து அரச காட்சியகத்தில் நிறுத்தினார்கள். மரியானா மார்ட்டினெஸ் என்ற பெண் இசையமைப்பாளரின் வீட்டுக்கு மோசார்ட் வாசிக்கப் போவார். சாலியேரியிடம் படித்த மரியா தெரேசியா பாரடீஸுக்குச் சிறுவயதிலேயே பார்வை போனது. கச்சேரிகளும் செய்தார், இசையும் அமைத்தார். இவர்களுக்கு வசனமுள்ள பாத்திரம் கொடுங்கள். விருந்துக் காட்சியில் தட்டோடு நிற்கவைத்துவிட்டு எல்லோருக்கும் இடம் தந்தோம் என்று சொல்லக் கூடாது.

பெரிய சறுக்கல் வசனத்தில்தான் வரும். இந்தப் போட்டியை வைத்து பீட்டர் ஷாஃபர் எழுதிய ‘அமேடியஸ்’ என்ற 1979 நாடகத்தில் மோசார்ட் பச்சையாகப் பேசுவார். கடிதங்களிலும் அப்படி எழுதியவர்தான். தமிழாக்கும்போது அந்தப் பேச்சு தானாகக் குப்பத்துத் தமிழுக்கும், சபையோர் பேச்சு அக்கிரகாரத் தமிழுக்கும் போய்விடும். இங்குள்ள மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது என்ன சொல்லும்? அசிங்கம் என்றால் உன் பேச்சு என்று சொல்லும். மோசார்ட்டின் அப்பா சால்ஸ்பர்க் பேராயரின் அரண்மனை இசைக்கலைஞர். பையன் வளர்ந்ததே சபைகளில். அதனால் எல்லோருக்கும் ஒரே பேச்சுத் தமிழ் போதும். மோசார்ட்டுக்கு வேகம், பாதியில் அறுந்து தாவும் வாக்கியம், அடக்கத் தெரியாத சிரிப்பு. சாலியேரி 1766இல் பதினைந்து வயதில் இத்தாலியிலிருந்து வந்தவர்; அவருக்கு அளந்த பேச்சு, உணர்ச்சி மீறும் இடத்தில் மட்டும் இத்தாலியச் சொல். எழுதி முடித்ததும் பெயர்களை மறைத்துவிட்டு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். பேசுபவரின் குணம் தெரிந்தால் சரி. சாதி தெரிந்தால் திருப்பி எழுதுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பளீர் வெள்ளை விக், வெள்ளை லேஸ், நடுவில் மாநிற முகம்: முன்னாலிருந்து நேராக அடித்தால் துணி ஒளிர்ந்து முகம் இருண்டுவிடும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் விக்கும் சேர்ந்து கூசும், முகம் மேலும் மங்கும். விக்கைச் சாம்பல் நிறத்தில் வாங்குங்கள். லேஸ் பருத்தியாக இருக்கட்டும்; பாலியஸ்டரில் தேயிலைச் சாயம் பிடிக்காது. ஐந்து லிட்டர் தண்ணீரில் ஐம்பது கிராம் தேயிலைத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, நனைத்த லேஸை இருபது நிமிடம் போட்டால் பழுப்பேறும். காய்ந்தால் நிறம் குறையும், அதனால் ஒரு துண்டில் முதலில் பாருங்கள். விளக்குகளை இரு பக்கமும் 45 டிகிரியில் வைத்து, வெள்ளையோடு ஆம்பர் (தேன் மஞ்சள்) வெளிச்சம் கலக்கலாம். பச்சை வேண்டாம், கறுத்த தோலைச் சாம்பலாக்கிவிடும். பின்சுவர் கிரீம் நிறமாக இருந்தால் இத்தனையும் வீண்; அடர் மெரூன் திரை போதும்.

பாரடீஸாகப் பார்வையற்ற நடிகையே நடிக்கட்டும். உள்ளே வரும் வழியில் இரண்டடி அகலக் கயிற்றுப் பாய் ஒன்றைத் தரையோடு ஒட்டுங்கள். மேடை விளிம்புக்கு மூன்றடி முன்னால் குறுக்கே இன்னொரு பட்டை. கால் அதை உணர்ந்ததும் நிற்கலாம். ஒத்திகையில் வைத்த நாற்காலியை அரையடி நகர்த்தினாலும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் வாசிக்கும் கீபோர்டின் ஸ்பீக்கரை அதன் அடியிலேயே வையுங்கள். ஓரத்துப் பெட்டியிலிருந்து ஒலி வந்தால் அவருக்குத் திசை தப்பும். 61 கட்டை கீபோர்டே தாராளம், மோசார்ட் காலத்துப் பியானோவும் ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி)தான்.

ஷாஃபர் 2016இல் காலமானார். மொழிபெயர்த்து மேடையேற்ற எழுத்துபூர்வமான உரிமம் வாங்கியாக வேண்டும். கிடைக்காவிட்டால் சொந்தப் பிரதி எழுதலாம். 1786 பிப்ரவரி 7 அன்று ஷோன்புருன் மாளிகையில் பேரரசர் இரண்டாம் ஜோசப் மோசார்ட், சாலியேரி இருவரின் சிற்றோபராக்களையும் (சிறு இசை நாடகங்களையும்) ஒரே மாலையில் நடத்தவைத்தார். அதுவே நல்ல தொடக்கக் காட்சி. அவர்கள் இசைக்கு உரிமத் தொல்லை கிடையாது. ஒலிப்பதிவுக்கு மட்டும் 60 ஆண்டு உரிமை தனியாக உண்டு, அதனால் மேடையிலேயே வாசிக்க ஆள் தேடுங்கள்.