சமூகம் என்னும் கட்டம்

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் பதிவேட்டுப் பணியில் இருந்தேன். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, ஊர், மதம், தாய்மொழி, சமூகம் என்று கேட்டுப் படிவத்தை நிரப்புவது என் வேலை. சமூகம் என்னும் கட்டத்தைத் தொடக்கத்தில் மிகவும் நம்பினேன். கடற்கரையிலிருந்து வருவோருக்கு இன்ன புற்று, மலையிலிருந்து வரும் காணிப் பழங்குடி மக்களுக்கு வாய்ப்புற்று என்று ஒரு கணக்கு, ஒருவரும் கேட்காமலேயே, என் மனத்தில் படிந்துவிட்டது.

பேச்சிப்பாறைக்கு மேலுள்ள குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பாட்டிதான் அதைக் கலைத்தார். கன்னத்தின் உட்புறம் புண், பல ஆண்டு முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம். பயிற்சிக்கு வந்திருந்த மாணவியிடம், அவர் காதுபட, "இவங்களுக்கு இது சாதாரணமா வர்றதுதான்" என்று சொன்னேன். புண்ணைக் கண்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிறகு கேட்டபோது, "நோவு இல்லையே மக்களே, நோவாத புண்ணுக்கு ரெண்டு பஸ் ஏறி யாரு வருவா?" என்றார். எட்டு மாதம் ஆகியிருந்தது. வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதும், மலையிறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதும் அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லாத செய்திகள். நான் எழுதியிருந்தது "காணி" என்னும் ஒரு சொல் மட்டுமே. அவர் முன்னால் அப்படிப் பேசியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பாக்கே புற்றை உண்டாக்கும், புகையிலை சேராத வெற்றிலை முறுக்கானும் அப்படியே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. மலையில் போட்டாலும் விளவங்கோட்டுத் திண்ணையில் போட்டாலும் பாக்கு பாக்குதான். நமக்கு அடுத்த திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்துச் சோதித்ததில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் இறப்பது 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

கடற்கரையைப் பற்றிய பேச்சு வேறு விதமானது. மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்னும் கனிமம் இருப்பதால் அங்குள்ளவர்களுக்குப் புற்று கூடுதல் என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டில்கூட அப்பேச்சு எழுவதைக் கேட்டிருக்கிறேன். அதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மணலின் கதிர்வீச்சால் புற்று கூடியதாகத் தெரியவில்லை. அச்சத்துடன் வரும் கடற்கரைத் தாய்மார்களிடம் இதை நிதானமாகச் சொல்வேன், சிலர் நம்பினார்கள்.

மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ நாற்பது பேரில் ஒருவர் மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் வழிவிடும் மரபணு மாற்றத்தோடு பிறக்கிறார். ஆனால் ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் இரைப்பைப் புற்று குறைந்து, பெருங்குடல் புற்றும் மார்பகப் புற்றும் கூடின. இரத்தம் மாறவில்லை, உணவும் வாழ்முறையும் மாறின. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்று வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. அதனால் இறப்பதோ ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். கடுமையான ஒரு வகைக் கட்டி அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது ஒரு காரணம். தாமதமாகக் கண்டறிவதும் தக்க சிகிச்சை எட்டாமையும் மற்றக் காரணங்கள். இதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பாட்டியின் இரண்டு பேருந்துகள்தான் நினைவுக்கு வந்தன.

அதன்பின் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு குறிப்புகள் எழுதத் தொடங்கினேன்: முதலில் கண்டது எப்போது, வரத் தடையாக இருந்தது எது. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) விடுப்புக் கிடைக்கவில்லை, கணவர் கடலுக்குப் போயிருந்தார், ரப்பர் வெட்டு முடியட்டும் என்றிருந்தோம் என்று விடைகள் வந்தன. அந்தக் குறிப்புகளைக் கணினியில் ஏற்ற இடம் இல்லை. பணியிலிருந்து விலகிய நாளில் அவற்றைத் தனி நோட்டில் படியெடுத்து, எனக்குப் பின் வந்த பெண்ணிடம் கொடுத்தேன். அவரும் எழுதி வருகிறார்.