வகுப்பு வீட்டிலிருந்தே, கையெழுத்துக்குத்தான் அலைச்சல்

சைக்காலஜிஸ்டாக (மருத்துவம் படிக்காத மனநல நிபுணராக) இருந்துகொண்டே மருந்தும் எழுதலாம் என்று தொலைதூர வழியில் சைக்கோஃபார்மகாலஜி, அதாவது மனநல மருந்தியல், படிக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், பிராக்டிகத்துக்கு (மேற்பார்வையில் செய்யும் நேரடிப் பயிற்சிக்கு) ஒரு டாக்டரைப் பிடித்து வையுங்கள். "உங்கள் ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்று கையேட்டில் இனிப்பாக ஒரு வரி போட்டிருப்பார்கள். நாங்கள் ஏற்பாடு செய்து தர மாட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நான் இருப்பது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் குரூசஸ் ஊரில். 450 மணி நேர வகுப்பைப் பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. கல்லூரி கிழக்குக் கடற்கரை நேரத்தில் நடக்கும், அங்கே மாலை ஆறு என்றால் இங்கே நாலு, அதனால் பள்ளி விட்டு என்னிடம் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் போயிற்று, வருமானமும் கொஞ்சம் போயிற்று. அவ்வளவுதான்.

தலைவலி ஆரம்பித்தது 80 மணி நேர உடல் பரிசோதனைப் பயிற்சியில். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது, ரத்தப் பரிசோதனை முடிவு படிப்பது எல்லாம் இதில்தான். சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கிளினிக் டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். ஆனால் அவருடைய அலுவலகத்தில் ஒப்பந்தம் பார்க்கிற அம்மையார், சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதவே முடியாது, இதெல்லாம் சட்டவிரோதம் என்று ஒரே பிடியாக நின்றார். இந்த மாநிலத்தில் 2002-லேயே சட்டம் வந்துவிட்டது, நாட்டிலேயே முதல் மாநிலம் இதுதான் என்று நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. சட்டத்தையே அச்செடுத்து, அந்தப் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தார். இறங்கியவர் அடுத்து, சிகிச்சையில் தவறு நடந்தால் ஈடுகட்டும் இன்சூரன்ஸ் கேட்டார். என் பாலிசியில் மருந்து சம்பந்தப்பட்ட எதுவும் வராது. சேர்த்துக் கொடுங்கள் என்று கம்பெனியைக் கேட்டால், உரிமம் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பயிற்சி முடியாமல் உரிமம் ஏது? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே (நம் தொழிலில் இருப்பவர்கள் சொல்லக்கூடாத பழமொழி, மன்னிக்கவும்), அந்தக் கதைதான். கடைசியில் பார்த்தால் மாணவர்களுக்காகக் கல்லூரியே ஒரு காப்பீடு வைத்திருக்கிறது, கேட்டால் ஒரு பக்கச் சான்றிதழ் அனுப்பிவிடுவார்கள். கேட்டால்தான்! அப்படி ஒன்று இருப்பதை யாரும் அதுவரை வாய் திறந்து சொல்லவில்லை.

அப்புறம் டாக்டர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி: 400 மணி நேரம், குறைந்தது 100 நோயாளிகள். இதில் கற்றுக்கொண்டதற்கு ஈடே இல்லை. லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடும் ஒருவருக்குக் கை நடுக்கம் திடீரென்று கூடியிருந்தது, மூட்டுவலிக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று விசாரித்தால், கடையில் வாங்கிய ஐபுப்ரோஃபெனை நாள் முழுக்க விழுங்குகிறார். அது ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். உடனே அளவு பார்க்கச் சொன்னோம், ஏறித்தான் இருந்தது. மேற்பார்வை டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார் பாருங்கள், அத்தனை அலைச்சலும் அந்த நிமிடம் மறந்துபோயிற்று.

அதே டாக்டர்தான் பிறகு வேலையை விட்டு வேறு மாநிலம் போனார், என் பயிற்சி நேரப் பதிவேட்டின் பின்பாதியில் கையெழுத்துப் போடாமல். கிளினிக்கில் கேட்டால், அவர் இப்போது இங்கே இல்லை, எங்களால் எதுவும் செய்ய முடியாது. அவர் மின்னஞ்சலும் செத்துப் போயிருந்தது. ஒரு வழி தோன்றியது: டாக்டர்களின் உரிம விவரங்களை ஒவ்வொரு மாநில மருத்துவ வாரியமும் இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறது. அதில் தேடி, அவருடைய புது ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துப் போன் போட்டேன். பாவம், அவரும் வருத்தப்பட்டு எல்லாவற்றிலும் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினார். நீங்கள் மாதாமாதம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், எத்தனை நல்ல மனிதராக இருந்தாலும் சரி.

மதிப்பெண் பட்டியலிலும் ஒரு வம்பு. அதில் கிரெடிட்தான் இருக்கும், விண்ணப்பத்துக்கு வேண்டியது மணிக்கணக்கு. கல்லூரி அலுவலகம் "நாங்கள் மணி எழுதுவதில்லை" என்று கைகழுவியது, துறைத் தலைவர்தான் பாடவாரியாகக் கடிதம் கொடுத்தார். ஒவ்வொரு பருவத்தின் பாடத்திட்டத்தையும் அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், படிப்பு முடிந்ததும் இணையதளக் கதவை மூடிவிடுவார்கள்.

மருந்து எழுத விரும்பும் சைக்காலஜிஸ்டுகளுக்கான பி.ஈ.பி. தேர்வு தேறிவிட்டது. ஒரு மருந்து இன்னொன்றை எப்படிக் கெடுக்கும் என்பதை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுப் போங்கள்.

இப்போது கையில் இருப்பது நிபந்தனைச் சான்றிதழ். 2 வருடம் டாக்டர் மேற்பார்வையில் எழுத வேண்டும், அது முடிந்தாலும் நோயாளியின் குடும்ப டாக்டரோடு பேசித்தான் ஆகவேண்டும். அது நியாயம்தான், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊர் மாறும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். லூசியானாவில் உரிமம் மருத்துவ வாரியத்தின் கையில். இல்லினாய்ஸில் 17 வயதுக்குக் கீழே, 65-க்கு மேலே இருப்பவர்களுக்கு எழுத முடியாது. பக்கத்து டெக்சாஸில் சைக்காலஜிஸ்டுக்கு மருந்து உரிமையே இல்லை. அந்த மாநிலத்து எல் பாசோவிலிருந்து வரும் என் நோயாளிகளை, அவர்கள் தங்கள் வீட்டில் இருக்கும்போது வீடியோவில் பார்த்து மருந்து எழுத வழி கிடையாது, காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி இங்கேதான் வரவேண்டும்.